ரான்சம் என்றால் என்ன? எங்கே, எப்படி வரும்?

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் ரான்சம் என்று ஒரு சொல் இருக்கிறது. ஓர் அகராதி அதற்கு மீட்புத்தொகை என்கிறது. செய்தியில் பணயத்தொகை என்று வருகிறது. இலங்கைப் பத்திரிகைகள் கப்பம் என்கின்றன. எது சரி? போதாக்குறைக்கு, யாரையும் கடத்தாத, பணமே கைமாறாத இடத்திலும் ‘ஹோல்ட் டு ரான்சம்’ என்று எழுதுகிறார்களே, அது எப்படி?

நேர்ப்பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆளையோ பொருளையோ பிடித்து வைத்துக்கொண்டு, ‘இவ்வளவு கொடு, விட்டுவிடுகிறேன்’ என்று கேட்கிறார்களே, அந்தத் தொகைதான் ரான்சம். கேட்கும்போதும் அதற்கு அதே பெயர்தான், கொடுத்து முடித்த பிறகும் அதே பெயர்தான். பிடிபட்டவருக்குப் பெயர் ஹாஸ்டேஜ், அதாவது பணயக்கைதி. இரண்டையும் குழப்பி ‘ரான்சமை விடுவித்தார்கள்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. விடுபடுவது ஆள், கைமாறுவது ரான்சம்.

உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில் விழும். நாம் ரான்சம் என்று எழுதினாலும் ஆங்கிலேயர் வாயில் அது ரேன்ஸம் என்பதற்குப் பக்கத்தில் வரும். ஹேண்ட்சம் என்ற சொல்லோடு ஒத்து ஒலிக்கும். பெயர்ச்சொல்லாக வந்தாலும் வினைச்சொல்லாக வந்தாலும் ஒலி மாறாது. ரான்சாக் என்று இன்னொரு சொல் இருக்கிறது, வீட்டைப் புரட்டிப்போட்டுச் சூறையாடுவது. அதற்கும் இதற்கும் உறவு கிடையாது. அது வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது.

ரான்சம் வந்த வழி வேறு. லத்தீனில் ரெடெம்ப்டியோ என்றால் திரும்ப வாங்குதல். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து தேய்ந்து ரான்சோன் போல ஆகி, 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அப்புறம் அதே லத்தீன் சொல், தேயாத உருவத்தில், ரிடெம்ப்ஷன் என்று இன்னொரு முறையும் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆக ரான்சமும் ரிடெம்ப்ஷனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மூத்தது கொள்ளைக்காரர்களோடு சேர்ந்துவிட்டது. இளையது பாவமீட்பு என்ற பொருளில் தேவாலயத்துக்குப் போனது, இப்போது போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது என்ற பொருளில் மியூச்சுவல் ஃபண்ட் படிவங்களிலும் உட்கார்ந்திருக்கிறது.

வேர்க்கதைகளை நான் பொதுவாக இவ்வளவு இழுக்க மாட்டேன். ஆனால் இந்தச் சொல்லின் பயன்பாடு முழுவதும் அந்தத் ‘திரும்ப வாங்குதல்’ என்ற பொருளில்தான் நிற்கிறது. அடகுக் கடையிலிருந்து நகையை மீட்கும்போதும் நம்முடைய பொருளுக்கு நாமே பணம் கட்டுகிறோம். ஆனால் அங்கே முன்பே கடன் வாங்கியிருக்கிறோம், கடைக்காரருக்கு உரிமை உண்டு. ரான்சம் கேட்பவனுக்கு எந்த உரிமையும் கிடையாது. ஏற்கெனவே நம்முடையதாக இருந்ததை, உரிமை இல்லாதவனிடமிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டிய கட்டாயம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இந்தச் சொல் பொருந்தும்.

இதை வைத்துக்கொண்டால் பக்கத்துச் சொற்களைப் பிரிப்பது எளிது. பெயில், அதாவது ஜாமீன் தொகை, சட்டப்படி கட்டுவது. வழக்குக்கு ஒழுங்காக வந்துபோனால் திரும்பக் கிடைக்கும். ரான்சம் போனால் போனதுதான். ‘கடையை நடத்த வேண்டுமென்றால் மாதாமாதம் கொடு’ என்று மிரட்டுவது எக்ஸ்டார்ஷன். அங்கே எதையும் இன்னும் பிடித்துவைக்கவில்லை, இனிமேல் செய்யப்போகும் கெடுதலைக் காட்டிப் பறிக்கிறார்கள். ‘உன் ரகசியத்தை வெளியே சொல்லிவிடுவேன்’ என்பது பிளாக்மெயில். தொலைந்த நாயைக் கண்டுபிடித்தவருக்கு மனமுவந்து கொடுப்பது ரிவார்டு. அதே நாயைத் தானே தூக்கிக்கொண்டு போய் வைத்துக்கொண்டு பேரம் பேசினால் ரான்சம்.

இன்று இந்தச் சொல்லைக் கேட்டதும் குற்றம்தான் நினைவுக்கு வருகிறது. சொல் ஆங்கிலத்துக்கு வந்த காலத்தில் அப்படி இல்லை. இடைக்கால ஐரோப்பியப் போரில் எதிரிப் பிரபுவைக் கொல்வதைவிட உயிரோடு பிடிப்பதில்தான் லாபம். ஆளின் தகுதிக்கு ஏற்ப விலை. பிடித்தவனுக்கு அது நியாயமான வருமானம், வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட் சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில், 1192 டிசம்பரில், வியன்னா அருகே ஆஸ்திரியப் பிரபு லியோபோல்டிடம் சிக்கினார். லியோபோல்ட் அவரைப் புனித ரோமப் பேரரசர் ஆறாம் ஹென்றியிடம் ஒப்படைத்தார். விலை 1,50,000 மார்க் (அக்கால எடை அளவு) வெள்ளி. இங்கிலாந்தில் குடிமக்களின் வருமானத்திலும் அசையும் சொத்திலும் நான்கில் ஒரு பங்கு வரியாகக் கேட்டார்கள். தேவாலயங்களின் பொன், வெள்ளிப் பாத்திரங்கள் போயின. சிஸ்டெர்சியன் என்ற துறவிகள் சபையின் மடங்கள் அந்த வருடத்துக் கம்பளியைக் கொடுத்தன. அப்படியும் முழுத்தொகை சேரவில்லை. பெரும்பகுதியைக் கொடுத்து, மிச்சத்துக்கு ஆட்களைப் பிணையாக நிறுத்தி, 1194 பிப்ரவரியில்தான் அவரை வெளியே கொண்டுவர முடிந்தது.

ஆங்கிலத்தில் ‘எ கிங்ஸ் ரான்சம்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. அரசர்களுக்கு விலை பேசிய அந்தக் காலத்தின் மிச்சம் அது. ஒரு வீடு, ஓர் ஓவியம், ஒரு கார் என்று எதன் விலையும் மிக மிக அதிகம் என்றால் அதற்கு கிங்ஸ் ரான்சம் கொடுத்தார் என்பார்கள். இதில் கடத்தலும் இல்லை, அரசரும் இல்லை. தமிழில் இதை ‘அரசனின் மீட்புத்தொகை’ என்று மாற்றி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. ‘யானை விலை குதிரை விலை’ என்று நாம் சொல்வதுதான் அது.

அரசர் கதை என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1356இல் புவாத்தியே போரில் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜான் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். 1360இல் பேசி முடித்த தொகை 30 லட்சம் எக்யூ என்ற பொற்காசு. முதல் தவணையைக் கட்டி அவர் ஊர் திரும்ப, மிச்சத்துக்குப் பிணையாக அவருடைய மகன் உள்ளிட்ட பிரபுக்கள் ஆங்கிலேயர் வசம் இருந்தார்கள். ஃபிராங்க் என்ற நாணயம் அந்த 1360இல்தான் முதலில் அச்சானது. அந்தப் பெயருக்கு விடுதலையானவன் என்ற பொருளும் உண்டு. கொஞ்ச நாளில் பிணையாக இருந்த மகன் தப்பி ஓடிவிட்டார். வாக்குத் தவறிவிட்டது என்று சொல்லி, 1364இல் அரசர் தானே கடல் கடந்து லண்டனுக்குச் சிறைக்குத் திரும்பிப்போய், சில மாதங்களில் அங்கேயே இறந்துபோனார். ரான்சம் என்பது அப்போது எவ்வளவு தூரம் மானப் பிரச்சினையாகவும் ஒப்பந்தமாகவும் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எல்லாரும் அந்த ஒழுங்கைப் பின்பற்றவில்லை. 1532இல், இன்றைய பெரு நாட்டில் உள்ள காஹமார்க்காவில் இன்கா அரசர் அதாஹுவால்பாவை ஸ்பெயினின் பிசாரோ பிடித்தார். ஓர் அறை நிறையத் தங்கம், அதைப் போல இரண்டு மடங்கு வெள்ளி தருவதாக அதாஹுவால்பா ஒப்புக்கொண்டார். பல திசைகளிலிருந்தும் தங்கம் வந்து குவிந்தது. வாங்கிக்கொண்டு, 1533இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். பணம் கொடுத்தால் ஆள் கிடைப்பார் என்ற உத்தரவாதம் இந்தச் சொல்லுக்குள் இல்லை. ‘ரான்சம் கொடுக்கப்பட்டது’ என்று ஒரு வாக்கியம் இருந்தால் அதை ‘விடுவிக்கப்பட்டார்’ என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

பிடிபடுவது மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கி.பி. 408இல் விசிகோத் இனத் தலைவர் அலாரிக் ரோம் நகரத்தைச் சுற்றி வளைத்து, முற்றுகையை நீக்க 5,000 பவுண்டு தங்கமும் 30,000 பவுண்டு வெள்ளியும் கேட்டார். கூடவே 3,000 பவுண்டு மிளகும். நகரம் முழுக்கப் பணயம், தொகையில் மிளகும் சேர்த்தி. 1978இல் சுவிட்சர்லாந்தில் சார்லி சாப்ளினின் உடலைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்துக்கொண்டு போய்க் குடும்பத்திடம் பணம் கேட்டார்கள். குடும்பம் கொடுக்கவில்லை. ஆட்கள் பிடிபட்டார்கள், உடல் ஒரு சோள வயலில் கிடைத்தது. இறந்தவர் உடலுக்கும், திருடுபோன ஓவியத்துக்கும், கப்பலுக்கும் ரான்சம் என்ற சொல் அப்படியே பொருந்தும். 2008இல் சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்த சிரியஸ் ஸ்டார் என்ற எண்ணெய்க் கப்பலுக்கு, அடுத்த ஜனவரியில் பணத்தை விமானத்திலிருந்து பாராசூட்டில் கப்பல்மேல் இறக்கினார்கள். கப்பலுக்கும் ஆட்களுக்கும் சேர்த்து ஒரே பொட்டலம்.

ரான்சம் நோட் என்ற தொடருக்கு வருவோம். கடத்தியவர்கள் எழுதிவைக்கும் கடிதம். நாளிதழிலிருந்து எழுத்துகளை வெட்டி ஒட்டிய காகிதம்தான் பலர் மனதில் வருவது. உண்மையில் மிகப் பெயர்பெற்ற ஒன்று கையால் எழுதப்பட்டது. 1932 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில், விமானி சார்லஸ் லிண்ட்பெர்கின் கைக்குழந்தையைத் தூக்கிச் சென்றவர் ஜன்னலோரம் விட்டுப்போன கடிதம். 50,000 டாலர் கேட்டது. சும்மா இல்லை, 25,000 டாலர் இருபது டாலர் தாள்களாக, 15,000 பத்து டாலர் தாள்களாக, 10,000 ஐந்து டாலர் தாள்களாக வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தது. டாலர் குறியை எண்ணுக்கு முன்னால் போடாமல் பின்னால் போட்டிருந்தார். எழுத்துப் பிழைகளோ ஏராளம். ஜெர்மன் பேசி வளர்ந்தவர் கை என்று அப்போதே சந்தேகித்தார்கள். பணம் கொடுக்கப்பட்டது, குழந்தை பிணமாகக் கிடைத்தது. கொடுத்த தாள்களில் பெரும்பாலானவை தங்கச் சான்றிதழ் என்ற வகை. 1933இல் அரசு அவற்றைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லிவிட்டதால் அதற்குப் பிறகு அவற்றைச் செலவழித்தவர் கண்ணில் பட்டார். 1934இல் ஒரு பெட்ரோல் நிலைய ஊழியர் பத்து டாலர் தாளின் ஓரத்தில் வண்டி எண்ணைக் குறித்து வைத்தார். அதை வைத்துப் பிடிபட்டவர்தான், ஜெர்மனியில் பிறந்த புரூனோ ஹாப்ட்மன். ரான்சம் மணி என்று தனியே ஒரு தொடர் ஏன் இருக்கிறது என்பது இங்கே புரியும். அந்தப் பணத்துக்குத் தனி அடையாளம், தனி வரலாறு உண்டு.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டிய இடங்கள் சிலதான். கேட்பதற்கு டிமாண்ட், கொடுப்பதற்கு பே. இந்த இரண்டும் வந்தால் பாதி வேலை முடிந்தது. ‘எ ரான்சம் ஆஃப்’ என்றால் அதற்குப் பின்னால் தொகை வரும். ‘எ ரான்சம் ஃபார்’ என்றால் ஆளோ பொருளோ வரும்.

சிக்கல் வினைச்சொல்லில்தான். ரான்சம் என்பதை வினையாகப் போட்டால், பணம் கொடுத்து மீட்பது என்பதே அதன் முதல் பொருள். ‘தி ஃபேமிலி ரான்சம்ட் ஹிம்’ என்றால் குடும்பத்தார் பணம் கட்டி அவரை மீட்டார்கள். நம்மவர்கள் பலர் ‘கிட்நாப்பர்ஸ் ரான்சம்ட் தி பாய்’ என்று எழுதிவிட்டு, பையனைக் காட்டிப் பணம் கேட்டார்கள் என்று சொன்னதாக நினைத்துக்கொள்கிறார்கள். கடத்தியவர்களை எழுவாயாக வைத்தால், பணத்தை வாங்கிக்கொண்டு விட்டார்கள் என்ற பொருள்தான் வரும், அதுவும் பழைய நடையில். வெறுமனே கேட்டார்கள் என்று சொல்ல டிமாண்டட் எ ரான்சம் என்றே எழுதுங்கள். ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டிஸ் 1575இல் கடற்கொள்ளையரிடம் சிக்கி அல்ஜியர்ஸில் ஐந்து ஆண்டு அடிமையாகக் கிடந்தார். 1580இல் திரித்துவ சபைத் துறவிகள் பணம் கட்டி அவரை மீட்டார்கள். அந்தத் துறவிகள் செய்த வேலைக்கு ஆங்கில வினைச்சொல் ரான்சம். கைதிகளை இப்படி மீட்பதையே தொழிலாகக் கொண்டு 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சபை அது. பிடித்தவன் செய்வதும் ரான்சம், துறவி செய்வதும் ரான்சம் என்றால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

பைபிளில் வரும் ரான்சமும், அதாவது பலரை மீட்க இயேசு தம் உயிரையே விலையாகக் கொடுத்தார் என்பதும், இந்தக் கொடுக்கும் பக்கத்தைச் சேர்ந்ததுதான். பழைய தமிழ் பைபிள் அதை ‘மீட்கும்பொருள்’ என்கிறது, அருமையான தேர்வு. அந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கிறிஸ்தவ அறிஞர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வாதாடினார்கள். சாத்தானுக்கு என்று சிலர் சொல்ல, 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம் அதை மறுத்தார். சாத்தானுக்குக் கடன்பட வேண்டிய அவசியம் கடவுளுக்கு என்ன என்பதுதான் வாதம். ரான்சம் என்று சொன்னதுமே வாங்குகிறவன் ஒருவன் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் சிக்கல்.

இனி கேள்வியின் கடைசிப் பகுதி. நேரடிப் பொருளில், பணம் கேட்டு ஒருவரைப் பிடித்துவைப்பதை பிரிட்டன்காரர்கள் ஹோல்ட் டு ரான்சம் என்பார்கள், அமெரிக்கர்கள் ஹோல்ட் ஃபார் ரான்சம் என்பார்கள். பிரிட்டிஷ் வடிவத்துக்கு உருவகப் பொருளும் உண்டு. சிறிய கட்சி ஒன்று ஆதரவை வாபஸ் வாங்குவேன் என்று சொல்லியே ஆட்சியை ஆட்டிவைத்தால், அரசை அது ரான்சமுக்குப் பிடித்து வைத்திருக்கிறது என்று எழுதுவார்கள். ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தால் ‘நாட்டையே ரான்சமுக்குப் பிடித்திருக்கிறார்கள்’ என்று சில நாளிதழ்கள் அலறும். இங்கே பணம் தேவையில்லை, பதவி, சலுகை, கையெழுத்து எதுவும் போதும். இல்லாமல் முடியாத ஒன்று அவர்கள் கையில் இருக்கிறது என்பதுதான் ஒற்றுமை. இதே பொருளுக்கு அமெரிக்கர் பெரும்பாலும் ஹோல்ட் ஹாஸ்டேஜ் என்கிறார்கள். ஒன்று மட்டும்: இது நடுநிலையான தொடர் கிடையாது. வேலைநிறுத்தம் செய்பவர் தன் உரிமையைக் கேட்கிறார், கடத்தல்காரரோடு அவரைச் சேர்ப்பது எழுதுகிறவரின் சார்பு. மொழிபெயர்க்கும்போது அந்தச் சூடு தெரிய வேண்டும். ‘குடுமி அவர்கள் கையில்’, ‘கழுத்தில் கத்தியை வைத்துக் காரியம் சாதிக்கிறார்கள்’ என்று இடத்துக்கு ஏற்ப எழுதலாம்.

சரி, நேர்ப்பொருளுக்குத் தமிழில் எதை எடுப்பது? மீட்புத்தொகைக்கே என் ஓட்டு. லத்தீன் வேரின் பொருள் அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் மீட்புப்பணி, மீட்புப்படை என்பவற்றால் மீட்பு என்றதுமே சிலருக்கு வெள்ளமும் தீயணைப்பு வண்டியும் நினைவுக்கு வரும், அதனால் முதல் முறை வரும்போது ‘கடத்தல்காரர்கள் கேட்ட’ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். பணயம் என்பது சூதாட்டத்தில் வைக்கும் பொருள். கடத்தலில் பணயமாக வைக்கப்படுவது ஆள், பணம் இல்லை. அந்தக் கணக்கில் பணயத்தொகை தலைகீழான சொல், ஆனாலும் செய்திகளில் நிலைத்துவிட்டது, சண்டை போட்டுப் பயனில்லை. பிணைத்தொகை வேண்டவே வேண்டாம், ஜாமீனோடு குழம்பும். கப்பம் என்பது சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டுவது, திரும்பத் திரும்பக் கட்டுவது. எக்ஸ்டார்ஷனுக்குத்தான் அது இன்னும் பொருத்தம். ஆனால் இலங்கைத் தமிழில் இரண்டுக்குமே அது வழக்கமாகிவிட்டதால் அங்கே அது தவறு என்று சொல்ல முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். நல்ல செய்தி ஆசிரியர் பெரும்பாலும் பெயர்ச்சொல்லே போட மாட்டார். ‘பணம் கேட்டுச் சிறுவன் கடத்தல்’ என்று முடித்துவிடுவார். பல இடங்களில் அதுதான் சிறந்த மொழிபெயர்ப்பு.

கடைசியாக ரான்சம்வேர். கணினியில் இருக்கும் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் நிரல். 1989இலேயே ஒருவர், எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லி ஃபிளாப்பிகளைத் தபாலில் அனுப்பி, கணினி முடங்கியதும் 189 டாலரைப் பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு அனுப்பச் சொன்னார். 2017 மே மாதம் வானாகிரை என்ற நிரல் 150 நாடுகளுக்கும் மேல் பரவி, கணினிக்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. 2021இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்தது, அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதியைப் பிறகு எஃப்பிஐ மீட்டது.

இங்கே ஒரு விநோதம். கோப்புகள் எங்கும் போகவில்லை, நம் வட்டிலேயே இருக்கின்றன, சாவி மட்டும் அவன் கையில். அதனால் ரான்சம் என்ற பெயர் முதலில் சரியாகத்தான் பொருந்தியது. 2019 வாக்கிலிருந்து வேறு ஒன்றும் சேர்ந்துகொண்டது. பூட்டுவதற்கு முன் கோப்புகளை நகலெடுத்து வைத்துக்கொண்டு, ‘பணம் தராவிட்டால் ஊருக்கே வெளியிடுவேன்’ என்கிறார்கள். நம்மிடம் நகல் இருந்து நாமே மீட்டுக்கொண்டாலும் அந்த மிரட்டல் போகாது. கறாராகப் பார்த்தால் அந்தப் பாதி பிளாக்மெயில். ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ரான்சம் என்றே எழுதுகிறார்கள், எழுதட்டும். இதைத் தமிழில் எழுதும்போது நான் ரான்சம்வேர் என்றே விட்டுவிட்டு, முதல் முறை மட்டும் ‘கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல்’ என்று விளக்கிவிடுவேன். கேட்கப்படும் பணத்துக்கு அங்கே மீட்புத்தொகை என்பதே போதும்.